நான் மொழிபெயர்க்காத கேள்வி

2006ஆம் ஆண்டு கோடைகாலம். ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய ஹோட்டலில், காலைச் சாப்பாட்டுப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். விடியற்காலையில் நாங்கள் இருந்த லோறென்ஸ்கூக்கில் பஸ் ஏறிப் போய், பாண் வெட்டி, முட்டை அவித்து, கோப்பி நிரப்பி, மேசை துடைத்துவிட்டு மத்தியானம் வீடு திரும்புவேன். அலுப்பான வேலைதான். ஆனால் உலகத்திலுள்ள எல்லா விதமான ஆட்களையும் ஒரு கோப்பை கோப்பிக்குள் சந்திக்கலாம். விடுப்பு, அதுதான் அடுத்தவர் கதை, கேட்பதில் ஆர்வமுள்ள என்னைப் போன்றவளுக்கு அது பெரிய வசதி.

யாழ்ப்பாணத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒருவரைக் கண்டால் பெயர் கேட்கிறோமோ இல்லையோ, "நீங்கள் எந்த ஊர்? ஆருடைய மகள்? எந்த வளவு?" என்று தொடங்கிவிடுவோம். எங்கேயாவது ஒரு சொந்தம் பொருந்தும்வரை விடமாட்டோம். என் மகளுக்கு இது வெட்கக்கேடு. நோர்வேக்காரர் யாரும் இப்படிக் கேட்பதில்லை என்பாள். எனக்கோ இதைக் கேட்காமல் ஒரு ஆளோடு எப்படிக் கதைப்பது என்று இன்றுவரை தெரியாது.

அந்தக் கோடையில் ஒரு அமெரிக்கப் பெண்மணி வந்து தங்கினார். வயது அறுபதுகளில் இருக்கும். வடக்கு டகோட்டாவில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் கடைசி ஆளாகச் சாப்பிட வந்து, மேசை நிறையக் கடதாசிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவார். மேசை துடைக்கப் போன நான் சும்மா திரும்புவேனா? என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

அவர் தேடியது தன் அம்மம்மாவின் அம்மாவுடைய பூர்வீகத்தை. ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் நோர்வேயிலிருந்து தனியாகக் கப்பலேறிப் போன இளம் பெண் அவர். அங்கே இன்னொரு நோர்வேக்காரரை மணந்து, ஆளில்லாத புல்வெளியில் நிலம் எடுத்திருக்கிறார். மரம் கிடையாது. புல்லோடு சேர்த்து வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டினார்களாம். கணவர் ஒரு பனிப்புயலில் இறந்துபோக, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நிலத்தைக் கைவிடாமல் நின்றிருக்கிறார். அந்த வட்டாரத்துப் பிள்ளைப்பேறுகளையும் அவரே பார்த்திருக்கிறார். இப்போது அந்த ஊரார் அவருக்கு ஒரு நினைவுக்கல் வைக்கப் போகிறார்கள். பெற்றோர் பெயருக்கும் பிறந்த ஊருக்கும் கல்லில் இடம் விட்டிருக்கிறார்களாம். அதை நிரப்பித் தருவதாக இவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஊரிலே எல்லோரும் அவர் ஒரு போதகரின் மகள், பெரிய இடத்துப் பெண் என்றுதான் நம்புகிறார்களாம்.

ஆவணக் காப்பகத்தில் இருந்தவர்கள் நன்றாகவே உதவியிருந்தார்கள். அந்தக் காலத்தில் இங்கே குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயரோடு 'இன்னாருடைய மகள்' என்று சேர்த்து, அதன் பின்னால் அந்த ஆள் இருந்த பண்ணையின் பெயரைப் போடுவார்கள் என்று விளக்கியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. என் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக நினைத்து என்னை இங்கே எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களில் கூப்பிட்டிருக்கிறார்கள். அமெரிக்க அம்மாவின் சிக்கல் வேறு. அந்தப் பண்ணைப் பெயரில் நாடு முழுக்கப் பண்ணைகள் இருந்தன. எது என்று தெரியவில்லை. அந்தப் பெண் கொண்டுபோன மரப்பெட்டியின் படத்தை எடுத்துக் காட்டினார். மூடியிலே பூ வேலைப்பாடு. நடுவில் அவருடைய பெயர், தகப்பன் பெயர், பண்ணைப் பெயர்.

பண்ணைப் பெயரை வாசித்ததும் எங்கோ பார்த்த ஞாபகம் வந்தது. பஸ்ஸில் வரும்போது எங்கே என்று விளங்கியது. எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவரின் வரவேற்பறைச் சுவர்.

நாட்டுப்புறத்திலிருந்து வந்த நோர்வேக்காரரின் வீடுகளில் சொந்த ஊர்ப் பண்ணையை விமானத்திலிருந்து எடுத்த படம் ஒன்று தொங்கும். அடுத்த வீட்டுப் பெரியவருக்கு அப்போது எண்பது வயது. லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. நாங்கள் வீடு வாங்கி வந்த நாளிலிருந்து நல்ல பழக்கம். என் மகளுக்குப் பனியில் சறுக்கப் பழக்கியவர் அவர்தான். அவர் வீட்டுப் படத்தின் கீழே அந்தப் பண்ணையின் பெயர் இருந்தது. வால்ட்ரெஸ் மலைப்பக்கம் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"உமக்கு இஞ்சத்தைச் சனத்தின்ரை விடுப்புக் காணாதெண்டு இப்ப அமெரிக்கா வரைக்கும் போட்டீரோ?"

பெரியவர் வெளியே வேலிக்கு வர்ணம் பூசிக்கொண்டு நின்றார். நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் தேடுகிறார், உங்கள் பண்ணையில் இந்தப் பெயரில், இன்னாருடைய மகள் என்று ஒருவர் பழைய காலத்தில் இருந்தாரா என்றேன். அவர் தூரிகையை டின்னுக்கு மேலே குறுக்காக வைத்தார்.

"அவள் அமெரிக்காவுக்குப் போனவள்" என்றார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். எனக்கு முகத்தில் அடித்தது போல் ஆகிவிட்டது. தேவையில்லாத இடத்தில் கையை வைத்துவிட்டேன் என்று மட்டும் விளங்கியது. இரண்டு நாள் அவர் முற்றத்துக்கே வரவில்லை. ஹோட்டலில் அமெரிக்க அம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை அவர் விமானம் ஏற வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, நான் வேலைக்குப் புறப்படும்போது பெரியவர் வேலியடியில் நின்றார். "அந்த ஆளைப் பின்னேரம் கோப்பிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்களும் இருக்க வேண்டும்" என்றார். அவருக்கு ஆங்கிலம் வராது. எனக்கு ஊரில் படித்த ஆங்கிலமும் இங்கே படித்த நோர்ஸ்க் மொழியும் இருந்தன. இப்படித்தான் நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

அமெரிக்க அம்மா பஸ்ஸில் சிறுபிள்ளை போல் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். சொந்தக்காரர் ஒருவரைக் காணப் போகிறேன் என்ற பூரிப்பு. நானோ வேலியடியில் பெரியவரின் முகத்தைப் பார்த்தவள்.

பெரியவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். மேசையில் வாஃபிளும் ஜாமும் வைத்திருந்தார். கை கொடுத்தார். ஆனால் சிரிக்கவில்லை. அமெரிக்க அம்மா மரப்பெட்டியின் படத்தைக் காட்டினார், மண்வீட்டின் முன்னால் எடுத்த குடும்பப் படத்தையும் காட்டினார், நினைவுக்கல்லைப் பற்றியும் சொன்னார். பெரியவர் அந்தப் பெண்ணின் முகத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெண் போதகரின் மகள் அல்ல. பண்ணைக்காரரின் நிலத்தில் காட்டோரமாகக் குடிசை போட்டுக்கொண்டு, வாடகைக்குப் பதிலாகப் பண்ணையில் வேலை செய்த ஏழைக் குடும்பத்தின் மகள். பண்ணை வீட்டில் வேலைக்காரியாக நின்றவர். பண்ணைக்காரரின் மகனால் அவருக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. அவன் கட்டவில்லை. பிள்ளைக்கு இரண்டு வயதானபோது அதைத் தன் தமக்கையிடம் விட்டுவிட்டு அவர் கப்பலேறிவிட்டார். அடுத்த குளிர்காலத்தில் தமக்கை நோயில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை ஊர்ப் பண்ணைகள் முறைவைத்து வளர்த்தன. அந்தக் காலத்தில் இங்கே திக்கற்றவர்களுக்கு அதுதான் ஏற்பாடு. ஒரு வீட்டில் சில காலம், அடுத்த வீட்டில் சில காலம். வளர்ந்தபின் அதே பண்ணையில் வேலைக்கு நின்ற அந்தப் பிள்ளைதான் பெரியவருடைய தகப்பனைப் பெற்றவர்.

"எனக்குப் பத்து வயது வரைக்கும் அவர் உயிரோடு இருந்தார்" என்றார் பெரியவர். "நத்தார் பண்டிகைக் காலத்தில் அயல்வீடுகளுக்கு அமெரிக்காவில் இருந்து பொதிகள் வரும். எல்லாரும் பார்க்க ஓடுவோம். அவர் மட்டும் எழும்பி மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விடுவார். ஒரு கடிதம்கூட வரவில்லை அவருக்கு. ஒன்றுகூட."

அமெரிக்க அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. தங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி ஒரு பிள்ளை இருந்தது தெரியாது என்றார். அதையும் நான் நோர்ஸ்கில் சொன்னேன். பெரியவருக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. மேசையில் கையை ஊன்றி அவருக்கு நேரே குனிந்தார். அவர் கேட்டதை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படித்தான் வரும்:

"அவவுக்கு அங்கை கல்லு வைக்கப் போகினமாம். நல்லது. ஒரு தாய் இரண்டு வயசுப் பிள்ளையை விட்டிட்டு எப்பிடிப் போவாள்? அதைக் கேளுங்கோ இவவிட்டை. எனக்கு அது ஒண்டுதான் தெரிய வேணும்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் மொழிபெயர்ப்பேன் என்று. அமெரிக்க அம்மாவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியை நான் மொழிபெயர்க்கவில்லை.

அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று உண்டு. என் கணவர் முதலில் தனியாக வந்து, வடக்கே ஹம்மர்பெஸ்ட் பக்கத்தில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். ஊரில் நிலைமை மோசமாகி, இளம் பெண்கள் இருக்க முடியாது என்று ஆனபோது என்னை அனுப்ப ஏற்பாடு நடந்தது. ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கைப்பிள்ளையோடு கூட்டிப்போக மாட்டேன் என்றுவிட்டான். மகளுக்கு அப்போது இரண்டு வயது. அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். ஆறு மாதத்தில் கூப்பிடலாம் என்றார்கள். விசாவெல்லாம் சரியாகி மகள் இங்கே வந்து இறங்கியபோது அவளுக்கு ஏழு வயது. விமான நிலையத்தில் என்னை "அன்ரி" என்று கூப்பிட்டாள்.

"இவவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்று பெரியவருக்கு நானே பதில் சொல்லத் தொடங்கிவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடிய வேலையா அது? ஆனால் நிறுத்த முடியவில்லை. என் நோர்ஸ்க் அன்றைக்குப் போல் என்றைக்கும் சரளமாக வந்ததில்லை. பிள்ளை நித்திரையாக இருக்கும்போதுதான் புறப்படுவார்கள் என்றேன். விழித்திருந்தால் எந்தத் தாயாலும் போக முடியாது. போகாவிட்டால் இரண்டு பேருக்கும் வாழ்க்கை இல்லை, போனால் ஒரு ஆளாவது தப்பி மற்ற ஆளைக் கூப்பிடலாம், அந்த நேரத்தில் கண்ணுக்கு முன்னால் அந்தக் கணக்கு ஒன்றுதான் தெரியும் என்றேன்.

"கடிதம்?" என்றார் அவர்.

"என்ன எழுதுவது? வருவேன் என்று எழுத முடியாது, எப்போது என்று தெரியாது. வரமாட்டேன் என்றும் எழுத முடியாது. பேனையை எடுத்துப் பிள்ளையின் பெயரை எழுதினால் அதற்குப் பிறகு கை ஓடாது. நான் என் அக்காவுக்குத்தான் எழுதினேன். மகளுக்கு ஒரு வரி எழுதவில்லை. அந்தப் பெண்ணுக்கு எழுதுவதற்கு அக்காவும் இல்லை."

பெரியவர் நாற்காலியில் சாய்ந்தார். என் மகளை அவளுடைய எட்டு வயதிலிருந்து அவருக்குத் தெரியும். அவள் பெயரைச் சொல்லி, "அவளா?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். எனக்குக் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. இத்தனை வருடத்தில் இதை நான் யாருக்கும் இப்படிச் சொன்னதில்லை. கணவரோடுகூட நான் அதைக் கதைப்பதில்லை.

அமெரிக்க அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், தன்னால்தான் நான் அழுகிறேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். நான் அவருக்கும் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன், பெரியவரின் கேள்வியையும் என் பதிலையும். இங்கே குடியேற்ற அதிகாரிகள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்கும்போது ஒன்று என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளை எங்கே என்று அவர்கள் சுற்றிப் பார்ப்பதைத் தாங்க முடியாமல் இருக்கும் என்றும் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியாது. சொல்லத் தோன்றியது.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். கவிழ்த்துவைத்திருந்த குடும்பப் படத்தை எடுத்துத் திருப்பினார். அதில் அந்தப் பெண்ணைச் சுற்றி ஐந்து பிள்ளைகள். அமெரிக்காவில் அவருக்குப் பிறந்ததே ஐந்துதான் என்றார். ஆனால் வயதான காலத்தில் யாராவது கேட்டால் அவர் ஆறு என்றுதான் சொல்வாராம். கிழவிக்குக் கணக்கு மாறிவிட்டது என்று வீட்டார் சிரிப்பார்களாம். இவருடைய அம்மா அதை ஒரு பகிடிக் கதையாகவே இவருக்குச் சொல்லியிருக்கிறார்.

"ஆறு என்று சொன்னாராம்" என்று பெரியவரிடம் சொன்னேன். "கேட்டவர்கள் எல்லோரிடமும்."

பெரியவர் எழும்பினார். வெளியே போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சுவருக்குப் போய் அந்த விமானப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, கோப்பைகளை ஒதுக்கிவிட்டு மேசையில் வைத்தார். பண்ணைக் கட்டடங்களைத் தாண்டி, காட்டோரமாக ஒரு வெறும் இடத்தில் விரலை வைத்து, "குடிசை இங்கே இருந்தது" என்றார். பிறகு அந்த இடத்தின் பெயரையும் அந்தப் பெண்ணின் தகப்பன் பெயரையும் தாய் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அமெரிக்க அம்மா எழுத, எழுத்துச் சரியா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

அவர்களுக்குள் என்ன முறை என்று அதற்குப் பிறகு கதை வந்தது. நான் விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். தாய்வழி, தகப்பன்வழி எல்லாம் பார்த்தால் எங்கள் முறைப்படி இவர்கள் மச்சானும் மச்சாளும், கலியாணமே செய்யலாம் என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். போகும்போது பெரியவர் அமெரிக்க அம்மாவைக் கட்டிப்பிடித்து வழியனுப்பினார். வீட்டுக்குத் திரும்பியதும் கணவர் என்ன நடந்தது என்று கேட்டார். தலையிடி என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

இங்கே கதை முடிந்ததென்றுதான் நினைத்தேன். அடுத்த வசந்தத்தில் நினைவுக்கல்லின் படம் தபாலில் வந்தது. கல்லில் ஏழைப் பெற்றோரின் பெயர்களும் அந்தக் காட்டோர இடத்தின் பெயரும் இருந்தன. கீழே ஆறு பிள்ளைகளின் பெயர்கள். முதலாவது, தொழுவத்துக்குப் போய்விடுகிறவருடைய பெயர். பெரியவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முற்றத்தில் போன என் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படத்தைக் காட்டி, கதை முழுவதையும் சொல்லியிருக்கிறார். நான் அவருடைய மேசையில் சொன்னதையும்தான். அவருக்கு அது மறைக்க வேண்டிய விஷயமாகப் படவில்லை.

நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து கதவடியில் நின்றாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது.

"அம்மா, அவர் எல்லாம் சொன்னவர்."

அடுப்பைப் பார்த்தபடியே கேட்டேன்.

"நீ ஏன் பிள்ளை ஒருநாளும் என்னைக் கேக்கேல்லை?"

"கேட்டா நீங்கள் அழுவீங்கள். அதோடை எனக்குத் தெரியும்தானே. பெரியம்மா ஒவ்வொரு நாளும் சொல்லுவா. நான் நித்திரையா இருக்கேக்கை நீங்கள் போனனீங்களாம். படலை வரைக்கும் போறதும் திரும்பி ஓடி வந்து என்னைப் பாக்கிறதுமா நிண்டனீங்களாம். கடைசியிலை பெரியம்மாதான் உங்களைப் பிடிச்சுத் தள்ளி விட்டவவாம்."

எனக்கு அது நினைவே இல்லை. ஏஜென்சிக்காரனின் வான் வந்து நின்றதும் நான் ஏறியதும் மட்டும்தான் என் ஞாபகத்தில் இருந்தது. திரும்பிப் பார்க்காமல் போனவள் என்றுதான் அத்தனை வருடமும் என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் ஒரு தட்டை எடுத்து வந்து புட்டைப் போட்டுக்கொண்டு, பசிக்கிறது என்றாள். நானும் சம்பலை எடுத்துக் கொடுத்தேன். அதற்குமேல் அன்றைக்கு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

பெரியவர் இப்போது இல்லை. அன்று கப்பலேறிப் போன அந்தப் பெண்ணையும் என்னையும் நான் அடிக்கடி பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுண்டு. அவரும் பிள்ளையைத் தூக்கத்தில் விட்டுவிட்டுத்தான் போயிருப்பார், அவரும் வாசல்வரை போய்த் திரும்பி வந்திருப்பார். ஆனால் அதைக் கண்ட அவருடைய தமக்கை அடுத்த குளிர்காலத்திலேயே இறந்துபோனார், என் அக்கா உயிரோடு இருந்து என் பிள்ளைக்கு அதைத் தினமும் சொன்னாள், எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.